குனு டாரும் அதன் சுருக்கிகளும்: .டார்.ஜிஇசட் முதல் .டார்.இசட்எஸ்டி வரை ஒரு மதிப்பீடு

லினக்ஸ் அல்லது பிஎஸ்டி குடும்ப இயங்குதளங்களில் மூலநிரலைத் தரவிறக்கும் எவரும் .டார்.ஜிஇசட், .டார்.பிஇசட்2, .டார்.எக்ஸ்இசட், .டார்.இசட்எஸ்டி என்று முடியும் கோப்புகளை விரைவிலேயே சந்திக்கிறார்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் கருவித்தொகுப்பை, அதாவது குனு டார் நிரலையும், அது துணைக்கு அழைக்கும் ஜீஜிப், பிஜிப்2, எக்ஸ்இசட், இசட்-ஸ்டாண்டர்ட் ஆகிய நான்கு சுருக்கிகளையும் இங்கே மதிப்பிடுகிறேன். காப்புப்பிரதி எடுப்பது, மூலநிரலை வெளியிடுவது, ஒரு சேவையகத்திலிருந்து மற்றொன்றுக்கு முழு அடைவையும் மாற்றுவது என்று அன்றாட வேலைகள் அனைத்துக்கும் இவற்றையே நெடுநாளாகப் பயன்படுத்தி வருவதால், என் முடிவை முதலிலேயே சொல்லிவிட முடிகிறது. டார் இன்றும் முழு நம்பிக்கைக்கு உரியது. சுருக்கிகளில், நாமே திறக்கப்போகும் கோப்புகளுக்கு இசட்-ஸ்டாண்டர்டையும், யார் திறப்பார்கள் என்று தெரியாத கோப்புகளுக்கு ஜீஜிப்பையும் தேர்ந்தெடுப்பதே சரி. எக்ஸ்இசட் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் சிறந்தது. பிஜிப்2-ஐப் புதிய கோப்புகளுக்குப் பயன்படுத்த இப்போது காரணம் எதுவும் இல்லை.

பெயரில் இரண்டு நீட்சிகள் (புள்ளிக்குப் பின் வரும் பகுதிகள்) இருப்பது, வேலை இரண்டாகப் பிரிந்திருப்பதால்தான். டார் எதையும் சுருக்குவதில்லை. அடைவுகளையும் கோப்புகளையும் அவற்றின் உரிமையாளர், அனுமதிகள், கடைசியாக மாற்றப்பட்ட நேரம், குறியீட்டு இணைப்புகள் ஆகியவற்றோடு ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஒரே கோப்பாக்குவதோடு அதன் பொறுப்பு முடிந்துவிடுகிறது. சுருக்கிக்கோ கோப்பு, அடைவு என்ற வேறுபாடே தெரியாது. தன்னிடம் வரும் பைட்டுகளின் ஓட்டத்தைச் சிறிதாக்கித் தருவது மட்டுமே அதன் வேலை. ஆகவே .டார்.ஜிஇசட் என்பதைக் கடைசியிலிருந்து படித்தால், முதலில் ஜீஜிப்பால் விரித்து அடுத்து டாரால் பிரிக்க வேண்டும் என்ற செய்முறையே கிடைத்துவிடுகிறது. வெறும் .ஜிஇசட் என்று மட்டும் முடிந்தால், உள்ளே பொதுவாக ஒரே ஒரு கோப்புதான் இருக்கும். .டிஜிஇசட் என்ற குறுக்கம், மூன்றெழுத்துக்கு மேல் நீட்சியை அனுமதிக்காத டாஸ் காலத்துக்கு ஏற்ற வடிவம்; .டார்.ஜிஇசட்டுக்கும் அதற்கும் உள்ளடக்கத்தில் எந்த வேறுபாடும் இல்லை.

டாரின் மீது எனக்கு இருக்கும் நம்பிக்கைக்கு அதன் உள்ளமைப்பின் எளிமையே காரணம். காந்த நாடாக்களில் எழுதுவதற்காக, 1979-இல் வெளியான யூனிக்ஸ் 7-ஆம் பதிப்புடன் வந்த நிரல் இது. அந்த நாடாக்களின் 512 பைட் கட்டங்கள் இன்றும் அதன் அடிப்படை அலகாக நீடிக்கின்றன. ஐந்து எழுத்துகள் மட்டுமே கொண்ட ஓர் உரைக்கோப்பைச் சுருக்காமல் டாரில் இட்டு, விளைவதைத் திறந்து பார்த்தால் எல்லாம் வெளிப்படையாகத் தெரியும். முதல் 100 பைட்டுகளில் கோப்பின் பெயர், அதன்பின் அனுமதிகள், பயனர் எண், குழு எண், அளவு, நேரம் ஆகியவை எட்டை அடியாகக் கொண்ட எண்களாக, கண்ணால் படிக்கக்கூடிய உரையாகவே எழுதப்பட்டிருக்கும். இந்தத் தலைப்பகுதி 512 பைட்டில் முடிந்ததும் கோப்பின் உள்ளடக்கம் அடுத்த 512 பைட் கட்டத்தில் தொடங்கும். எஞ்சிய இடம் சுழியங்களால் நிரப்பப்படும். இறுதியில் சுழியம் மட்டுமே கொண்ட இரண்டு கட்டங்கள் முடிவைக் குறிக்கும். குனு டார் இயல்பாக 20 கட்டங்களைச் சேர்த்து ஒரே தடவையில் எழுதுவதால், அந்த ஐந்து எழுத்துக் கோப்புக்குக்கூட 10,240 பைட் அளவுள்ள டார் கோப்பு உருவாகிறது. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது வீண்செலவாகத் தோன்றலாம்; ஆனால் அந்தச் சுழியங்கள் அடுத்து வரும் சுருக்கியின் கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடுகின்றன. இப்படிப்பட்ட அமைப்பை எந்தச் சிறப்புக் கருவியும் இல்லாமல் சில வரி நிரலால் படித்துவிட முடியும் என்பது, பல ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டிய தரவுக்கு மிகப் பெரிய பாதுகாப்பு.

தமிழில் கோப்புகளுக்குப் பெயரிடுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. எழுத்தும் அதனுடன் சேரும் உயிர்க்குறி, புள்ளி ஆகியவையும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், 'கோப்பு' என்ற சொல்லுக்கு மட்டுமே 18 பைட்டுகள் வேண்டும். எனவே பழைய தலைப்பகுதியின் 100 பைட் பெயர்க்களத்தில் 33 குறியீடுகளுக்கு மேல் அடங்காது. குனு டார் நீளமான பெயர்களுக்கெனத் தனியே ஒரு கூடுதல் கட்டத்தை எழுதி இதைத் தாண்டிவிடுகிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் 2001-ஆம் ஆண்டில் வரையறுத்த பாக்ஸ் வடிவமும் பெயரின் நீளத்துக்கு வரம்பு வைப்பதில்லை. டார் பெயர்களை வெறும் பைட்டுகளாகவே காப்பதால், யூடிஎஃப்-8 பயன்படுத்தும் இரண்டு கணினிகளுக்கிடையே தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் போய்ச் சேர்கின்றன. ஜிப் கோப்புகளில், பெயர் யூடிஎஃப்-8-இல் இருக்கிறது என்பதைக் குறிக்கும் கொடியை, கோப்பை உருவாக்கிய நிரல் இட மறந்தால், மறுமுனையில் விரிப்பவருக்குப் பெயர்கள் வெறும் குப்பை எழுத்துகளாகவே கிடைக்கும். தமிழ் ஆவணங்களைப் பெருமளவில் சேமித்து வைக்கும் எவருக்கும் டாரைப் பரிந்துரைக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பயன்படுத்தும் எளிமையில் குனு டார் காலப்போக்கில் வெகுவாக முன்னேறியிருக்கிறது. முன்பு ஜீஜிப் கோப்பென்றால் சிறிய இசட், பிஜிப்2 என்றால் சிறிய ஜே, எக்ஸ்இசட் என்றால் பெரிய ஜே என்று ஒவ்வொரு சுருக்கிக்கும் உரிய எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2004-இல் வந்த 1.15 பதிப்பிலிருந்து, பிரிக்கும்போது எந்தச் சுருக்கி என்பதை டார் தானே கண்டுகொள்கிறது. எக்ஸ், எஃப் என்ற இரண்டு எழுத்துகளும் கோப்பின் பெயரும் இருந்தால் போதும். உருவாக்கும்போதும் சிறிய ஏ என்ற விருப்பத்தைச் சேர்த்துவிட்டால், நாம் தரும் பெயரின் நீட்சியைப் பார்த்துப் பொருத்தமான சுருக்கியை அதுவே அழைத்துக்கொள்ளும். யூனிக்ஸில் நீட்சி பெரும்பாலும் மனிதர்களுக்கான குறிப்பு மட்டுமே. அது நிரலின் நடத்தையையே முடிவு செய்யும் அரிய இடங்களில் இதுவும் ஒன்று. ஒரு குறையும் இங்கே உண்டு. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றுக்கு நேரடியாக அனுப்பும் குழாய் வழியாக வரும் ஓட்டத்தில் பின்னோக்கிச் சென்று மறுபடி படிக்க முடியாது என்பதால், அந்தச் சூழலில் குனு டார் தானே சுருக்கியை அழைக்காமல், சுருக்கப்பட்ட தரவு என்று அறிவித்து நின்றுவிடுகிறது. அப்போது சுருக்கியின் பெயரை நாம்தான் சொல்ல வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்கிலும் உள்ள, லிப்ஆர்க்கைவ் நூலகத்தின் மேல் எழுதப்பட்ட டார் இதைத் தடையின்றிச் செய்வதோடு ஜிப் கோப்புகளையும் படிக்கிறது.

எஃப் என்ற விருப்பத்தின் இடமும் கவனத்துக்கு உரியது. அதற்கு அடுத்து வருவதுதான் கோப்பின் பெயர் என்று டார் எடுத்துக்கொள்வதால், அந்த எழுத்து எப்போதும் கடைசியாக வர வேண்டும். சி, எஃப், இசட் என்ற வரிசையில் ஒரே கோட்டுக்குறியின் பின் எழுதினால், 'இசட்' என்ற ஒற்றை எழுத்தையே பெயராகக் கொண்ட கோப்பு உருவாகும். பொதியின் (உருவாக்கப்போகும் டார் கோப்பின்) பெயரைத் தராமலேயே, எஃப்-க்குப் பின் எல்லாக் கோப்புகளையும் குறிக்கும் நட்சத்திரக்குறியை இட்டால், அடைவில் முதலாவதாக உள்ள கோப்பையே பொதியின் பெயராகக் கொண்டு அதன்மேல் எழுதிவிடும். இதற்கு எந்த எச்சரிக்கையும் வருவதில்லை. இவ்வளவு முதிர்ந்த கருவியில் இந்த அளவு பாதுகாப்பின்மை இன்னும் தொடர்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இதைவிடப் பெரிய குறை, டாரில் பொருளடக்க அட்டவணை இல்லாதது. ஜிப் வடிவம் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்கி, எல்லாவற்றின் பட்டியலையும் இறுதியில் வைப்பதால், நடுவிலிருக்கும் ஒரு கோப்பை மட்டும் நேரடியாக எடுத்துவிட முடியும். சுருக்கப்பட்ட டாரிலோ, கடைசியிலிருக்கும் ஒரு சிறு கோப்புக்காக முழுவதையும் விரித்துக்கொண்டே போக வேண்டும். பெரிய காப்புப்பிரதிகளிலிருந்து ஒற்றைக் கோப்புகளை அடிக்கடி மீட்பவர்களுக்கு இந்த வடிவம் பொருந்தாது என்பதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

இந்தச் சுருக்கிகளுக்கெல்லாம் மூத்தது, பெரிய எழுத்து .இசட் நீட்சியுடைய 'கம்ப்ரஸ்'. அது பயன்படுத்திய எல்இசட்டபிள்யூ முறையின்மீது யூனிசிஸ் நிறுவனத்துக்குக் காப்புரிமை இருந்ததால், அதற்கு மாற்றாக ஜான்-லூப் கெய்லியும் மார்க் ஆட்லரும் எழுதிய ஜீஜிப் 1992 அக்டோபரில் வெளிவந்தது. ஃபில் கட்ஸ் ஜிப்புக்காக வகுத்த டிஃப்ளேட் முறையையே இதுவும் பயன்படுத்துகிறது. ஜீஜிப்பின் மதிப்பு அதன் சுருக்கத் திறனில் இல்லை, பரவலில் இருக்கிறது. மீட்புக்கான குறுவட்டு முதல் வலைஉலாவி வரை ஜீஜிப் ஓட்டத்தைப் படிக்கத் தெரியாத சூழல் இன்று அரிது. ஒன்று முதல் ஒன்பது வரையான நிலைகளில் இயல்பானது ஆறு. ஒன்பதுக்குப் போனால் நேரம் கூடும் அளவுக்கு இடம் குறைவதில்லை. ஒரு பழைய சிக்கலையும் குறிப்பிட வேண்டும்: கோப்பின் இறுதியில் மூல அளவைக் குறிக்க 32 பிட்டுகள் மட்டுமே உள்ளதால், 4 ஜிபியைத் தாண்டிய கோப்புகளின் அளவைப் பட்டியலிடும் விருப்பம் தவறாகக் காட்டிவந்தது. 2022-இல் வெளியான 1.12 பதிப்பு முழுவதையும் விரித்து எண்ணிச் சரியான அளவைத் தருகிறது. அதனால் பெரிய கோப்புகளில் அந்தக் கட்டளைக்குக் கூடுதல் நேரமாகும்.

ஜீஜிப்பின் உண்மையான வரம்பு அதன் 32 கேபி சாளரம். தன்னைக் கடந்து சென்ற தரவில் கடைசி 32 கேபியை மட்டுமே அது நினைவில் வைத்திருக்கிறது. இதை யாரும் எளிதில் சோதித்துப் பார்க்கலாம். சுமார் 1 எம்பி அளவுள்ள ஜேபெக் படத்தை இரண்டு பெயர்களில் படியெடுத்து, இரண்டையும் ஒரே டாரில் இட்டு ஜீஜிப்பால் சுருக்கினால், ஏறக்குறைய 2 எம்பியே வெளிவரும். இரண்டாவது படம் வரும் வேளையில் முதல் படத்தின் தொடக்கத்தை அது மறந்துவிட்டிருக்கும். அதே டாரை எக்ஸ்இசட்டால் சுருக்கினால் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஏனெனில் இயல்பு நிலையில் அதன் அகராதி, அதாவது அது நினைவில் வைத்திருக்கும் முந்தைய தரவின் அளவு, 8 எம்பி. ஒரே நிரலின் பல பதிப்புகள், ஒன்றுபோலத் தோன்றும் பதிவுக் கோப்புகள், திரும்பத் திரும்ப வரும் உரிமக் கோப்புகள் ஆகியவை நிறைந்த அடைவுகளில், எந்தச் சுருக்கி என்ற தேர்வை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

ஜூலியன் சீவர்டு 1996-இல் வெளியிட்ட பிஜிப்2 அறிவார்ந்த படைப்பு என்பதில் ஐயமில்லை. ஒத்த எழுத்துகள் அருகருகே வருமாறு தரவை மறுவரிசைப்படுத்தும் பர்ரோஸ்-வீலர் உருமாற்றத்தின் அடிப்படையில், 900 கேபி வரையான துண்டுகளாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் பை எண்ணின் இலக்கங்களான 314159265359 பதிந்திருக்கும். ஒரு துண்டு கெட்டாலும் மற்றவற்றை மீட்க முடிவதற்கு இந்த அடையாளமே காரணம். ஆனால் விரிக்கும் வேகம் மிகவும் குறைவு. லினக்ஸ் கருநிரலின் வெளியீட்டுத் தளம் 2013-இன் இறுதியிலேயே இந்த வடிவத்தைக் கைவிட்டுவிட்டது. பழைய .பிஇசட்2 கோப்புகளைத் திறப்பதற்கு மட்டும் இதை நிறுவி வைத்திருந்தால் போதும்.

எக்ஸ்இசட், 7-ஜிப்பை உருவாக்கிய இகோர் பாவ்லோவின் எல்இசட்எம்ஏ முறையை யூனிக்ஸ் வழக்கத்துக்கு ஏற்ற வடிவில் தருகிறது. ஒருமுறை சுருக்கிப் பல்லாயிரம் பேர் தரவிறக்கப்போகும் மூலநிரல் வெளியீடுகளுக்கு இதன் இறுக்கமான சுருக்கம் இன்றும் பொருத்தமானது. விலை நினைவகத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. கையேட்டின்படி ஒன்பதாம் நிலையில் சுருக்க 674 எம்பியும் விரிக்க 65 எம்பியும் தேவைப்படும். இயல்பான ஆறாம் நிலையில் அவை 94 எம்பியும் 9 எம்பியும். மூலக்கோப்பே அகராதியைவிடச் சிறியதாக இருக்கும்போது ஒன்பதாம் நிலையால் சுருக்கம் கூடாது, நினைவகச் செலவுதான் மிஞ்சும்.

எக்ஸ்இசட்டைப் பற்றி எழுதும்போது 2024 மார்ச் 29 அன்று வெளியான செய்தியைத் தவிர்க்க முடியாது. உள்நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ரொய்ண்ட் என்ற பொறியாளர், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட பின்வாசல் (கணினிக்குள் நுழைய மறைவாக வைத்த வழி) இருப்பதை வெளிப்படுத்தினார். இந்த மதிப்பீட்டோடு நேரடித் தொடர்புடையது, அந்தத் தீங்கின் ஒரு முக்கியக் கண்ணி எங்கே இருந்தது என்பதே. அதை இயக்கிவைக்கும் கட்டமைப்பு வரிகள் பொதுவில் உள்ள மூலநிரல் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்கென உருவாக்கப்பட்ட டார் கோப்பில் மட்டுமே இருந்தன. .எக்ஸ்இசட் வடிவத்தில் எந்தப் பிழையும் இல்லை; பழைய கோப்புகளைத் திறக்க யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் டார் கோப்பில் இருப்பதும் களஞ்சியத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பும் வழக்கத்தை, மென்பொருள் தொகுப்பவர்கள் இனியாவது விட்டுவிட வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கு மிகவும் நிறைவளித்தது யான் கொலே உருவாக்கி, ஃபேஸ்புக் 2016-இல் 1.0 பதிப்பாக வெளியிட்ட இசட்-ஸ்டாண்டர்ட். இயல்பான மூன்றாம் நிலையிலேயே ஜீஜிப்பைவிடப் பல மடங்கு வேகமாகவும், பெரும்பாலும் அதைவிடச் சிறிதாகவும் சுருக்குகிறது. எந்த நிலையில் சுருக்கினாலும் விரிக்கும் வேகம் பெரிதாக மாறுவதில்லை என்பதே இதன் தனிச்சிறப்பு. ஆர்ச் லினக்ஸ் என்ற லினக்ஸ் வழங்கல் தன் மென்பொருள் பொதிகளை எக்ஸ்இசட்டிலிருந்து இதற்கு மாற்றி 2020 ஜனவரியில் அறிவித்தபோது, மொத்த அளவு ஏறத்தாழ 0.8 விழுக்காடு கூடியதாகவும், விரிக்கும் வேகம் ஏறத்தாழ 1300 விழுக்காடு உயர்ந்ததாகவும் தெரிவித்தது. நிறுவும் ஒவ்வொரு முறையும் விரிக்க வேண்டிய பொதிகளுக்கு இதைவிடச் சிறந்த பேரம் கிடைக்காது. தனியாக இயக்கும்போது, ஜீஜிப், பிஜிப்2, எக்ஸ்இசட் ஆகியவற்றைப் போல மூலக்கோப்பை நீக்கிவிடாமல் விட்டுவைப்பதும் பாராட்டத்தக்கது. நீண்ட சாளர விருப்பத்தால் 128 எம்பி தொலைவிலுள்ள ஒற்றுமைகளையும் கண்டறியச் செய்யலாம். அதற்குமேல் போனால் விரிப்பவரும் அதே விருப்பத்தைத் தர வேண்டியிருக்கும் என்பதால், பிறருக்கு அனுப்பும் கோப்புகளில் அதைத் தவிர்ப்பது நல்லது. குறை ஒன்றுதான்: 2019-இல் வந்த 1.31 பதிப்புக்கு முந்தைய குனு டாருக்கு .இசட்எஸ்டி என்ற நீட்சியே தெரியாது. பழைய சேவையகங்களைப் பராமரிப்பவர்களிடம் .டார்.ஜிஇசட் கோப்பையே நான் இன்னும் கொடுப்பதற்கு இதுவே காரணம்.

7-ஜிப்பின் .7இசட் வடிவத்தின் சுருக்கம் சிறப்பானது. ஆனால் அது கோப்பின் உரிமையாளரையும் குழுவையும் பதிவு செய்வதில்லை. யூனிக்ஸ் கணினியின் காப்புப்பிரதிக்கு அதை நேரடியாகப் பயன்படுத்தவே கூடாது.

நீட்சி ஒருவர் இட்ட பெயர் மட்டுமே, உள்ளடக்கத்துக்கு அது உத்தரவாதம் அல்ல. இணைய உலாவிகள் சிலவேளை தரவிறக்கும்போதே ஜீஜிப்பை விரித்துவிட்டு, பெயரில் மட்டும் .ஜிஇசட்டை விட்டுவிடுகின்றன, அத்தகைய கோப்பைத் திறக்கப் போனால், இது ஜீஜிப் வடிவத்தில் இல்லை என்ற பிழைச்செய்தி வருகிறது. 'ஃபைல்' என்ற கட்டளை பெயரைப் பார்க்காமல் முதல் பைட்டுகளைப் படித்து உண்மையைச் சொல்லும். பதினாறை அடியாகக் கொண்ட எண்களில் ஜீஜிப் 1எஃப் 8பி என்றும், இசட்-ஸ்டாண்டர்ட் 28 பி5 2எஃப் எஃப்டி என்றும் தொடங்கும். டாரில் 'யூஸ்டார்' என்ற அடையாளம் தொடக்கத்தில் இல்லாமல், சுழியத்திலிருந்து எண்ணினால் 257-ஆம் பைட்டில் இருக்கும். அறிமுகமில்லாத இடத்திலிருந்து வந்த பொதியை, பிரிப்பதற்கு முன் ஒருமுறை பட்டியலிட்டுப் பார்ப்பதும் அவசியம். உள்ளே தனி அடைவு இல்லாமல் கோப்புகளை நேரடியாக அடுக்கியிருந்தால், அவை அனைத்தும் நாம் நிற்கும் அடைவில் சிதறி, அதே பெயரில் ஏற்கெனவே உள்ளவற்றின்மீதும் எழுதப்பட்டுவிடும்.

முழு இயங்குதளத்தையும் காப்புப்பிரதி எடுக்க டாரைப் பயன்படுத்தப் போகிறவர்கள் அதன் இயல்பு அமைப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. குனு டார் இயல்பாகத் தன் சொந்தக் குனு வடிவத்திலேயே எழுதுகிறது. அதில் மாற்ற நேரம் முழு விநாடிகளாக மட்டுமே பதிவாகும். அணுகல் பட்டியல்களும் (யார் எதைச் செய்யலாம் என்ற விரிவான அனுமதிகள்) விரிவுப் பண்புகளும் (கோப்போடு சேரும் கூடுதல் குறிப்புகள்) தனி விருப்பங்களைத் தந்தால் ஒழியச் சேமிக்கப்படுவதில்லை. போசிக்ஸ் வடிவத்தை, அதாவது மேலே சொன்ன பாக்ஸ் வடிவத்தைக் கேட்டு, அணுகல் பட்டியல், விரிவுப் பண்பு ஆகியவற்றுக்கான விருப்பங்களையும் சேர்த்து எழுதினால் இந்த விடுபடல்கள் நீங்குகின்றன. மீட்கும்போதும் அதே விருப்பங்களைத் தர வேண்டும், உரிமையாளர்களை எண்களின்படியே மீட்கும் விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவற்றில் சிலவற்றையாவது அடுத்தடுத்த பதிப்புகளில் இயல்பாக்கினால், டாருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். இப்போதைக்கு ஐந்துக்கு நான்கு.